தாய்மாமன் ரத்தத்தில் நைட்ரஜன்

என் கணவருக்கு ஆழம் என்றால் ஆயிரம் அடிக்குக் குறையக் கூடாது. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள நோய்தான். எங்களுடைய இரண்டு வண்டிகளும் வருடத்தில் பத்து மாதம் தெலங்கானாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் அடுத்தவர் நிலத்தில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வரும் போன்கள் வணக்கம் சொல்லித் தொடங்குவதில்லை. "அறுநூறு அடி போயாச்சுங்க, தண்ணியக் காணம், இன்னும் பொகதான் வருது" என்று தொடங்கும்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சேலத்துக்குப் போய், நாற்பது மீட்டர் ஆழம் வரை தாங்கும் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நூத்தி முப்பது அடி வரைக்கும் போகுது அம்மிணி" என்றார்.

"உங்களுக்கு கேசிங் பைப் எறக்கவே பத்தாதேங்க அது."

"இது மண்ணுக்குள்ள போறதுக்கு இல்ல புள்ள. தண்ணிக்குள்ள போறதுக்கு."

"நம்ம பக்கம் நூத்தி முப்பது அடி தண்ணி எங்கீங்க இருக்குது?"

அவர் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியைக் கடையில் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

அந்த வாட்ச் நடந்த அடிகளை எண்ணியது, இதயத் துடிப்பைச் சொன்னது, தூக்கத்துக்கு மதிப்பெண் போட்டது. அவர் சரியாகத் தூங்குவதில்லை என்று தினமும் காலையில் வருத்தம் தெரிவித்தது. பக்கத்தில் படுத்து அந்தக் குறட்டையைக் கேட்கிறவளிடம் அது ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். ஆனால் அவர் மயங்கியது இதற்கெல்லாம் இல்லை. அதில் டைவ் கம்ப்யூட்டர் இருந்தது. முதுகில் காற்று டேங்க் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவர்களுக்கு அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறார்கள், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், எவ்வளவு மெதுவாக மேலே வர வேண்டும் என்றெல்லாம் சொல்லும். வாங்கியவர் அதுவரை கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

மோகனூர் பக்கத்தில் என் தம்பிக்குத் தோட்டம் இருக்கிறது. காவிரிக் கரை என்பதால் பங்குனியிலும் கிணற்றில் தண்ணீர் நிற்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோதனைக்காக அங்கே போனோம். அவர் குதிக்கப் போகிறார் என்று நினைத்துத் துண்டெல்லாம் எடுத்துப் போயிருந்தேன். அவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, வாட்சைக் கழற்றி, ஒரு கல்லோடு சேர்த்து நைலான் கயிற்றில் கட்டி, உள்ளே இறக்கினார்.

தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான். "மாமா என்னக்கா பண்றாரு?"

"கடியாரத்துக்கு நீச்சல் பழக்கிட்டு இருக்கறாரு."

இருபது நிமிடம் கழித்துக் கயிற்றை விறுவிறுவென்று இழுத்தார். வாட்ச் மேலே வந்தபோது சிவப்பாக மின்னி அதிர்ந்துகொண்டிருந்தது. மிக வேகமாக மேலே வந்துவிட்டீர்கள், இடையில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்று கடிந்துகொண்டது. அதிகபட்ச ஆழம் ஒன்பது மீட்டர் என்று குறித்தும் வைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் டைவ் அடித்தது அந்த வாட்ச்தான். மனிதர்கள் பிறகுதான்.

அந்தக் கிணற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில்தான் நான் நீந்தக் கற்றேன். இடுப்பில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு ஒரு கோடை முழுவதும் தண்ணீரிலேயே கிடந்தேன். பன்னிரண்டு வயதில் மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்பேன். பதின்மூன்றாவது வயதில் பெரியவளானேன். அதன்பிறகு கிணற்றுப் பக்கம் துணி துவைக்கப் போகலாம், குளிக்கப் போகக் கூடாது. யாரும் என்னிடம் சண்டை போட்டுத் தடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் வாளித் தண்ணீரில் குளித்தேன். கடிகாரம் ஒன்று என்னைவிடச் சுலபமாக அந்தக் கிணற்றில் இறங்கி ஏறியதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. வாட்ச் மேல் பொறாமைப்பட்ட பெண் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதனால், புதுச்சேரியில் நான்கு நாள் பயிற்சி இருக்கிறது, சேர்ந்துகொள்ளப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, "ரெண்டு பேருக்கும் சொல்லிருங்க" என்றேன்.

"உனக்கெதுக்கு புள்ள இதெல்லாம்?"

"உங்களுக்கு எதுக்கோ அதுக்குத்தான்."

அவர் பதிலை வாட்சில் தேடினார். அதில் இல்லை.

நான் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆசிரியைகள் சேலை மடிப்புக்கு எத்தனை பின் குத்த வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும் பள்ளி அது. மே மாத விடுமுறையில், அந்தச் சுற்றறிக்கையில் வாராவாரம் கையெழுத்துப் போடுகிற நான், உடம்போடு ஒட்டிய கறுப்பு ரப்பர் உடைக்குள் புகுந்து கடற்கரையில் நின்றேன். அதற்குள் புகுவதற்கே கால் மணி நேரம் ஆனது. அவருக்கு அரை மணி நேரம். வயிற்றுப் பகுதியில் ஜிப் ஏறாமல் இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். வாட்ச் அதை உடற்பயிற்சி என்று கணக்கில் எடுத்துக்கொண்டு பாராட்டியது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பெண். கடலூர்ப் பக்கம், மீனவர் குடும்பம். முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாள் வகுப்பில் அவள் சொன்னதன் சாரம் இதுதான். ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மெதுவாக வெளியேறிவிடும். அவசரப்பட்டு வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டு வலியில் தொடங்கி எதில் வேண்டுமானாலும் முடியலாம். மேலே வந்த பிறகும் கொஞ்சம் நைட்ரஜன் உள்ளேயே தங்கியிருக்கும், அதனால் உடனே விமானம் ஏறக் கூடாது.

"இந்த மாதிரி பல தடவை டைவ் பண்ணா, கடைசி டைவ் முடிஞ்சு பதினெட்டு மணி நேரம் கேப் விடணும்" என்றாள். நான் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அவர் வாட்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த வாட்ச் நல்ல வாட்ச்தான்" என்று அவள் அவரைப் பார்த்துச் சொன்னாள். "ஆழம் சொல்லும், நேரம் சொல்லும். ஆனா டேங்க்ல காத்து எவ்ளோ இருக்குன்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு இந்த கேஜ்தான் பாக்கணும்."

"சரிங்க" என்றார். வீட்டில் என்னிடமும் இதே குரலில்தான் சரி என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய நியாயமில்லை.

மதிய இடைவேளையில் அவரைக் காணவில்லை. தேடிப் போனால், பின்கட்டில் டேங்குகளுக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸர் முன்னால் குந்தியிருந்தார். ரிக் வண்டிக் கம்ப்ரஸரோடு வாழ்க்கை நடத்துகிறவர். ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லி, மோந்து பார்த்து, எண்ணெய் வாடை இல்லை என்று திருப்திப்பட்டு, பெல்ட் கொஞ்சம் தொய்வாக இருக்கிறது என்று தானே இறுக்கிக் கொடுத்தார். அந்த ஒரு மணி நேரம் அவர் வாட்சைப் பார்க்கவேயில்லை. தெரிந்த விஷயத்தில் அவர் எவ்வளவு கவனமான மனிதர் என்பதை அங்கே பார்த்தேன். சொல்லவில்லை. சொன்னால் அதையும் வாட்சில் பதிவு செய்திருப்பார்.

மூன்றாம் நாள் முதன்முறையாகக் கடலில் இறங்கினோம். படகின் விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாக விழ வேண்டும். நான் விழுந்தேன்.

பச்சை. எல்லாப் பக்கமும் கலங்கிய பச்சை. என் மூச்சுச் சத்தம் மட்டும் காதுக்குள் பெரிதாகக் கேட்டது. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கைப் பொத்திக் காதடைப்பை எடுத்து எடுத்துக் கீழே போனோம். அடியில் பாறைகள். அதன் மேல் மஞ்சள் கோடு போட்ட மீன்கள் கூட்டமாக ஒரே பக்கம் திரும்பி, மறுபடி ஒரே பக்கம் திரும்பின. ஒரு மீன் என் கண்ணாடி முன்னால் வந்து நின்று பார்த்தது. கீழே மணலில் என் கை பட்டபோது, அழுகை வந்தது. மாஸ்க்குக்குள் அழுதால் என்ன ஆகும் என்று வகுப்பில் சொல்லித்தரவில்லை. ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பதின்மூன்று வயதில் நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி தொடங்குவது போல இருந்தது என்று எழுதினால் மிகையாகப் படும். ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

அவருக்கு மீன் எதுவும் தெரியவில்லை. வாட்ச் பன்னிரண்டு மீட்டரை எட்டியதும் அதை என் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினார். தலையாட்டினேன். நாற்பது அடி. ஆயிரம் அடியில் தண்ணீர் வராதபோதுகூட அவர் முகத்தில் பார்க்காத ஒரு பரபரப்பு கண்ணாடிக்குள் தெரிந்தது. பரபரப்பில் மூச்சை வாரி வாரி இழுத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் குமிழிகள் தோரணம் மாதிரி போயின.

இருபது நிமிடம் இருக்கும். பயிற்சிப் பெண் விரலால் சைகை செய்தாள். காற்று எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி அது. நான் கேஜைப் பார்த்து, இருநூறில் தொடங்கியதில் மிச்சம் நூற்றுப் பத்து என்று காட்டினேன். அவர் வாட்சைக் காட்டினார்.

அதில் தொண்ணூற்றொன்பது நிமிடம் என்று இருந்தது. நைட்ரஜன் கணக்குப்படி அந்த ஆழத்தில் அவ்வளவு நேரம் இருக்கலாம் என்று அர்த்தம். டேங்கில் காற்று இருந்தால். அந்தப் பெண் மறுபடி கேட்டாள். அவர் மறுபடி வாட்சையே காட்டினார், இந்த முறை கொஞ்சம் அழுத்தமாக. நான் பக்கத்தில் போய், அவர் இடுப்பில் தொங்கிய கேஜை எடுத்து அவர் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தேன். அறுபது. ஐம்பதில் மேற்பரப்பில் இருக்க வேண்டும் என்பது பாடம்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்து நான்கு வருடம். வாக்குவாதங்களில் கடைசி வார்த்தை எனக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். அன்றைக்கு அவர் வாயில் காற்றுக்குழாயின் ரப்பர் இருந்தது. கேஜைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கேஜைப் பார்த்தார். கண்ணாடிக்குள் கண்கள் பெரிதாகின. பிறகு கட்டைவிரலை மேலே நீட்டினார். போகலாம் என்று அர்த்தம்.

பயத்தில் விருட்டென்று கிளம்பினார். பயிற்சிப் பெண் ஒரு கையைப் பிடிக்க, நான் இன்னொரு கையைப் பிடிக்கப் போவதற்குள், வாட்ச் அதிர்ந்தது. உடனே நின்றுவிட்டார். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கச் சொன்னது. கை கட்டிய மாணவன் மாதிரி நின்றார். "ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று நான் வாசலில் நின்று கூப்பிட்ட எத்தனையோ காலைகள் என் நினைவுக்கு வந்தன.

படகில் ஏறி ரப்பரை வாயிலிருந்து எடுத்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம்: "வாட்ச்சு இல்லீன்னா இன்னைக்கு என்ன ஆயிருக்கும் பாத்தியா."

நான் கடலைப் பார்த்துக்கொண்டேன்.

நான்காம் நாள் இரண்டு டைவ். அன்று கேஜை நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தார், அதைச் சொல்ல வேண்டும். இரண்டாவது டைவ் முடிந்து நாங்கள் தலையை வெளியே நீட்டியபோது மணி பதினொன்று நாற்பது. நான் நோட்டில் குறித்தேன். கரைக்கு வந்து துவட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய தங்கை போன் செய்தாள்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் பதினொரு வருடம் குழந்தை இல்லாமல் இருந்து, பார்க்காத மருத்துவமனை இல்லாமல் பார்த்து, ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு மூன்று வயது. மறுநாள் காலை அந்தக் குழந்தைக்குக் காது குத்து. அவர்களுடைய குலதெய்வம் கொல்லிமலை மேலே. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். இருக்கிற ஒரே தாய்மாமன் புதுச்சேரியில் இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"பொழுதோட ஊட்டுக்கு வந்துருவோம் கண்ணு. காத்தால நேரா அடிவாரத்துக்கு வாரோம்" என்று சொல்லி போனை வைத்தார்.

பயிற்சிப் பெண் அதைக் கேட்டுவிட்டாள். "நாளைக்கு எங்க சார் போறீங்க?"

"கொல்லிமலைங்க. காருலதான்."

"எத்தனை மீட்டர் உயரம்?"

"அது ஆயிரத்துக்கு மேல இருக்குமுங்க."

"அப்போ பிளைட் மாதிரிதான் சார். மலை ஏறினாலும் காத்து அழுத்தம் கொறையும் இல்ல. பதினெட்டு மணி நேரம் விட்டுட்டு ஏறுங்க."

பதினொன்று நாற்பதோடு பதினெட்டைக் கூட்டினால் காலை ஐந்து நாற்பது. முகூர்த்தத்துக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். அவர் வாட்சைப் பார்த்தார். பறக்கக் கூடாத நேரம் என்று அது இருபத்து நான்கு மணி நேரம் போட்டிருந்தது. யாருடைய உடம்பு, என்ன ஆழம் என்றெல்லாம் யோசிக்காமல், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் ஒரே எண்ணைப் போடுகிற வாட்ச் அது.

மதியம் கிளம்பினோம். வழியெல்லாம் வாட்சில் உயரம் பார்த்துக்கொண்டே வந்தார். ஆத்தூர் தாண்டியதும், "ஏறுது புள்ள" என்றார். அயோத்தியாப்பட்டணத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது இரண்டு முழங்காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். வலி இல்லை. சேலத்தில் மேம்பாலத்தில் ஏறுவதற்கு முன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கீழேயே போகலாமா என்று கேட்டார்.

"இருபது அடிங்க" என்றேன்.

"எதுக்கு ரிஸ்க்கு" என்று கீழேயே போனார். சிக்னலில் பத்து நிமிடம் நின்றோம்.

மறுநாள் காலை எட்டு இருபதுக்குக் காரவள்ளி அடிவாரத்தில் எங்கள் கார் நின்றது. எங்களுக்கு முன்பே ஒரு வேனும் இரண்டு கார்களும் வந்திருந்தன. அங்கிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். தங்கை பட்டுச் சேலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். சீர்த் தட்டுகள் வேனில் ஏறின. அவர் காரை விட்டு இறங்கவில்லை.

"மாப்ள, இங்க கொஞ்சம் வாங்க" என்று தங்கை கணவரைக் கூப்பிட்டார். அவர் மஞ்சள், கரும்பு என்று விவசாயம் பார்க்கிறவர். அமைதியான மனிதர்.

"என்னுங்க மச்சான்?"

"என்னால இப்ப மேல ஏற முடியாதுங்க மாப்ள. இன்னும் மூணேகால் மணி நேரம் ஆகோணும். ரத்தத்துல நைட்ரஜன் இருக்குது."

தங்கை கணவர் கார் சன்னலுக்குக் குனிந்தார். அவருக்குத் தெரிந்த நைட்ரஜன் மூட்டையில் வருவது. "யூரியாவுங்களா?"

"அது இல்லீங்க. கடலுக்குள்ள போயிட்டு வந்தமில்ல, அதுல சேந்தது. மேல ஏறுனா குமிழி குமிழியா வந்துரும்."

இதற்குள் வேனிலிருந்தவர்களும் இறங்கி வந்து காரைச் சூழ்ந்துகொண்டார்கள். மாமாவுக்கு யூரியா ஏறிவிட்டது என்று பின்னால் யாரோ விளக்கினார்கள். ஒரு பெரியப்பா, மோர் குடித்தால் சரியாகப் போய்விடும் என்றார். இன்னொருவர் அவர் கையைப் பிடித்து வாட்சைப் பார்த்துவிட்டு, "எறங்கிட்டே வருதாட்ட இருக்குதுங்க" என்றார். பத்துப் பதினைந்து பேர் நின்று ஒரு வாட்ச் நிமிடம் குறைவதைப் பார்த்தார்கள். மூன்று மணி நேரம் பதினைந்து நிமிடம், பதினான்கு நிமிடம்.

"பதினெட்டு மணி நேரம்னுதான் சொல்லிக் குடுத்தாங்க" என்றேன். நோட்டை எடுத்துப் பக்கத்தைக் காட்டினேன். "அது வெடியக்காலமே முடிஞ்சு போச்சுங்க."

"நோட்டுல நீ எழுதுனது. இது கம்ப்யூட்டரு."

"பாடம் எடுத்த பொண்ணு சொல்லித்தான் எழுதினேன். உங்ககிட்டயும் நேத்து சொன்னா. கூப்பிட்டுக் கேளுங்க."

கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சந்தேகத்தைத் தீர்த்து வைக்க வேண்டியவள் அந்நேரம் கடலுக்கு அடியில் வேறு யாருக்கோ பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"முகூர்த்தத்த மதியத்துக்கு மாத்திக்க முடியாதுங்களா?" என்று கேட்டார். தங்கை குழந்தையின் தலையில் வைத்த பூவைச் சரிசெய்துகொண்டு நின்றாள். அவள் அழவில்லை. பதினொரு வருடத்தில் அழுது தீர்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் கை அந்தப் பூவை விடவேயில்லை.

அதைப் பார்த்ததும் எனக்குப் பேசத் தோன்றியது.

"நானும்தானுங்க கடலுக்குள்ள போனேன்" என்றேன். "அதே ஆழம், அதே நேரம். என் ரத்தத்துலயும் அதே நைட்ரஜன்தான் இருக்குது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கணவரும் பார்த்தார். அவருக்கு அது உண்மையிலேயே புதிய செய்தி. நேற்று மதியத்திலிருந்து அவருடைய முழங்கால்களைப் பற்றி நூறு முறை பேசியிருந்தோம். என் முழங்கால்கள் அந்தக் காரிலேயேதான் வந்தன.

தங்கைதான் கேட்டாள். "அண்ணி, அப்ப உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஆகாது கண்ணு. நேரம் தாண்டிருச்சு. நான் வாரேன்."

"அப்ப அண்ணி மடியிலயே உக்கார வெச்சுக் குத்திக்கறோம்" என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை கணவர், "நேரமாச்சு, ஏறுங்க எல்லாரும்" என்றார். நான் வேனில் ஏறினேன். கார்ச் சாவி அவரிடம் இருந்தது. அவர் காரிலேயே இருந்தார்.

வளைவுகளில் வேன் ஏறும்போது எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். முழங்கையை மடக்கிப் பார்த்தேன். விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தேன். நோட்டில் எழுதியதை நம்பினேன். ஆனாலும் முப்பதாவது வளைவு வரை ஒவ்வொரு மூட்டாக எண்ணிக்கொண்டுதான் போனேன். குழந்தை என் மடியில் உட்கார்ந்து வளையல்களை உருட்டிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டாவது வளைவில் வாந்தி எடுத்தது. அதைத் துடைத்துக்கொண்டு வந்ததில் மீதி மூட்டுகளை எண்ண மறந்துபோனேன்.

கோயிலில் எல்லாம் தயாராக இருந்தது. குழந்தைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் தடவினார்கள். என்னை மணையில் உட்காரச் சொன்னார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கூட்டத்துக்குப் பின்னால் சலசலப்பு. அவர் வந்துகொண்டிருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. வாசலில் நின்று, ஒருமுறை முழங்காலை மடக்கி நீட்டிவிட்டு, வந்தார்.

நான் எழுந்துகொண்டேன். அவர் உட்கார்ந்தார்.

வலது காது அவர் மடியில் நடந்தது. குழந்தை போட்ட கூச்சல் மலை முழுவதும் கேட்டிருக்கும். காலை உதைத்து, சந்தனத் தலையை அவர் முகத்தில் தேய்த்து, அவரைத் தள்ளிவிட்டு, என்னிடம் கையை நீட்டியது. மறுபடி அவர் மடியில் வைக்க மூன்று பேர் முயன்றார்கள். அது தண்ணீர்ப் பாம்பு மாதிரி நழுவியது. பத்தரை மணி நெருங்கியது.

"அவகிட்டயே குடுத்துருங்க" என்றார் கணவர். "அவளுக்கும் அதே நைட்ரஜன்தானே."

இடது காதை என் மடியில் வைத்துக் குத்தினார்கள். பெரியப்பா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பந்தியில் அதைப் பற்றி இரண்டு பேரிடம் பேசினார், மூன்றாவது ஆள் கிடைப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். "எத்தனாவது வளைவுல மனசு மாறுச்சுங்க?" என்று கேட்டேன்.

"வளைவெல்லாம் இல்ல. வேன் போயி அஞ்சு நிமிசத்துல கெளம்பிட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அங்க ஆருக்கு என்னன்னு தெரியும்? யூரியாம்பாங்க, மோரக் குடுப்பாங்க" என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இதற்கு என்ன கிண்டல் செய்யலாம் என்று வெகுநேரம் யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு மணிக்கு மேல் என் போன் அடித்தது. பயிற்சிப் பெண். "அக்கா, சார் கூப்ட்டிருந்தார் போல. படகுல இருந்தேன். ஏதாவது பிரச்சினையா?"

நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தாள். பிறகு, மூட்டு வலி, மரத்துப்போவது, தலைசுற்றல் எதுவும் இல்லையே என்று இருவருக்கும் தனித்தனியாக, பொறுப்பாகக் கேட்டாள். இல்லை என்றேன். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னாள். அடுத்த கட்டப் பயிற்சி இருக்கிறது, முப்பது மீட்டர் வரை போகலாம், நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள் என்றும் சொன்னாள்.

"காலாண்டு லீவுல வந்தா இருக்குமா?"

"இருக்கும்க்கா. சாரும் வராரா? ரெண்டு இடமா போட்டு வெக்கட்டுமா?"

அவர் எதிரில் மரத்தில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"இப்போதைக்கு ஒண்ணு போட்டு வை" என்றேன்.